மேல் தட்டில் ஒரு சாண் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நாங்கள் நாற்பத்து மூன்று பேரில் ஒருவர்கூடக் கெட்டவர் கிடையாது. மண்ணைப் பிசைந்து வயிறு வளர்ப்பவர்களுக்குக் கெட்டவராக இருக்க நேரம் ஏது? பொங்கல் முடிந்த அடுத்த வாரம், மரக்காணத்துக்குத் தெற்கே கடலை ஒட்டிய ஒரு முந்திரித் தோப்பில் ஐந்து நாள் நடக்கும் மண்விழாவுக்கு நாங்கள் வந்து சேருவோம், மரத்தடியில் மேசை போட்டுக் கோப்பையும் குடுவையும் அடுக்குவோம், அடுத்தவருடைய மினுமினுப்பான க்ளேஸ் பூச்சில் என்ன கலந்திருக்கிறது என்று சிரித்துக்கொண்டே நோண்டுவோம், விண்ணப்பம், தேர்வு, கண்காட்சி, வெளிநாட்டு வாய்ப்பு என்று வருஷம் முழுக்கப் புலம்ப வேண்டியதை எல்லாம் ஐந்து நாளில் புலம்பித் தீர்ப்போம். அப்படிப்பட்ட விழாவின் மூன்றாம் ஆண்டில், முதல் நாள் காலை பதினொரு மணிக்கு, இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மதலேனின் வலது கை மணிக்கட்டு வரைக்கும் மண்ணாகிச் சக்கரத்தில் இருந்த மண்ணோடு கலந்துவிட்டது.

மதலேன் புதுச்சேரிக்காரி. நாற்பதைத் தொட்ட வயசு, தனியாள், கோவிந்தசாலையில் வாடகை வீட்டின் பின்கட்டில் ஒரு சக்கரமும் சின்னச் சூளையும் வைத்துக்கொண்டு கிண்ணம் வனைபவள். அவளுக்கு எப்போதும் கழிவறைக்குப் பக்கத்து மேசைதான் ஒதுக்குவார்கள். அன்றைக்குச் செய்முறை காட்ட வேண்டிய பரோடா பேராசிரியருக்கு ரயில் தவறிவிட்டதால், விழாவை நடத்தும் ரகோத்தமன் சார் அங்குமிங்கும் பார்த்து, கடையில் ஆளில்லாமல் சும்மா உட்கார்ந்திருந்த இவளை மேடைக்கு அனுப்பினார். மண்ணை நடுவில் நிறுத்தி அழுத்தினாள். கை உள்ளே போனது, போனது வெளியே வரவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறதே என்று அவள் சக்கரத்தை நிறுத்தவில்லை. மிச்சமிருந்த இடது கையாலேயே இழுத்து, விரித்து, விளிம்பு மடித்து, ஒரு கிண்ணத்தை முடித்துக் கம்பியால் அறுத்துப் பலகையில் வைத்தாள். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து, "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். "கூசுது" என்றாள் மதலேன்.

அவளுடைய பக்கத்து மேசைக்காரி நித்யகலாதான் வழி கண்டுபிடித்தவள். சுடாத மண் எவ்வளவு காய்ந்தாலும் தண்ணீரில் போட்டால் கரைந்து மறுபடி மண்ணாகிவிடும், இது எங்கள் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். நித்யகலா கிண்ணத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, பதம் வந்ததும் பிசைந்து, மதலேனின் மணிக்கட்டில் வைத்து ஐந்து விரலும் பிடித்துவிட்டாள். மூன்றரை மணி டீ வருவதற்குள் அது ரத்தம் ஓடும் கையாகிவிட்டது, அந்தக் கையாலேயே மதலேன் டீயை வாங்கிக் குடித்தாள். சுண்டு விரல் மட்டும் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. "அவசரத்துல சரியா பிடிக்கலக்கா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றாள் நித்யகலா.

அடுத்த தடவை என்று ஒன்று இருக்கும் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அன்று மாலை கூட்டிய குழுக் கூட்டத்தில், இனி ஆண்டுதோறும் முதல் நாள் காலை பதினொரு மணி மதலேனுக்கு என்று தீர்மானம் ஆனது. அவள் பாதி மண்ணைத் தானே கொண்டுவருவதால் செய்முறைக்கான மண்ணில் அவளுக்குப் பாதிதான் தரவேண்டும் என்று ஒருவர் சொல்ல, அதுவும் குறிப்பேட்டில் ஏறியது. பெங்களூர் ஆள் ஒருவர் அந்தக் கை எத்தனை டிகிரி தாங்கும் என்று கேட்டார், கோவை ஆள் காய்ந்தால் எவ்வளவு சுருங்கும் என்று கேட்டார், நான் கேட்டது அதில் மணல் கலந்திருக்கிறதா என்று. ஏன், எப்படி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் அந்தக் கேள்வி எழாது, மண் என்றால் அது என்னவாக வேண்டுமானாலும் ஆகும் என்று தெரிந்துதானே இதற்குள் வந்தோம்.

இப்படி ஆறு வருஷம் போனது. விழாச் சுவரொட்டியில் மதலேனின் மொட்டை மணிக்கட்டுப் படம் வந்தது, பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்தன, பங்குச் சாமியார் வந்து வாளித் தண்ணீரை மந்திரித்துவிட்டுப் போனார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மண் வாளிநீரோடு போயிற்று. கை வருஷத்துக்கு வருஷம் சிறுத்தது. உள்ளங்கை ரேகைகள் மூன்றாம் வருஷமே அழிந்துவிட்டன, அவள் விரலை ரேஷன் கடை இயந்திரம் ஏற்றுக்கொள்ளாமல் போய், கடைக்காரர் இடது கைக் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அவள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைக் குடைந்தது வேறொன்று. ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்தில் மூன்று மாதம் தங்கி வனைவதற்கு ஆண்டுக்கு ஒரு ஆளை எங்கள் விழா அனுப்பி வைக்கும், அதற்கு அவள் ஒவ்வொரு வருஷமும் விண்ணப்பித்தாள், ஒவ்வொரு வருஷமும் தேர்வுக் குழு ஒரே பதிலை அனுப்பியது: நல்ல நிகழ்ச்சி, ஆனால் முடித்த படைப்பு இல்லை.

"அவங்க என்னைக் குயத்தின்னே எண்ணல சார்" என்று அவள் ரகோத்தமன் சாரிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். "வித்தை காட்டறவள்னு நினைக்கிறாங்க. நான் பண்ற மத்த கிண்ணத்தை எல்லாம் ஒருத்தரும் எடுத்துப் பாக்கறதில்ல."

"நீ பண்ற அந்த ஒரு கிண்ணத்தைத்தான் எல்லாரும் பாக்க ஆசைப்படறாங்க, நீதான் அதை உடனே வாளியில போட்டுடறியே" என்றார் அவர். "இந்த வருஷம் தேர்வுக் குழு இங்கேயே வருது. ரெண்டு நாள் காயட்டும், அவங்க பொறுமையா பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் கரைச்சுக்கோ. காஞ்சாலும் கரையும்தானே?"

காய்ந்தாலும் கரையும்தான். அதனால் அந்த ஆண்டு அவள் சம்மதித்தாள். முதல் நாள் வனைந்த கிண்ணத்தை வெயிலில் வைத்தாள், மணிக்கட்டில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு இரண்டு நாள் இடது கையால் சோறு தின்றாள். கடல் காற்றும் தை மாதத்து வெயிலும் சேர்ந்து கிண்ணத்தை எலும்பு நிறத்துக்குக் காயவைத்தன. தேர்வுக் குழுவினர் மூவரும் இரண்டாம் நாள் மாலை அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்கள், ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இதைவிட நல்ல கிண்ணத்தை நான் பார்த்ததில்லை, இதைச் சொல்ல எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

மூன்றாம் நாள் பொதுச்சூளை ஏற்றும் நாள். எல்லாருடைய சிவப்பு மண் சாமான்களையும் ஒரே எரிவாயுச் சூளையில் அடுக்கிச் சுட்டு, ஐந்தாம் நாள் காலை சிறப்பு விருந்தினரை வைத்துக் கதவைத் திறந்து, சூடு ஆறுவதற்குள் ஜனங்களுக்கு விற்போம். விழாவில் கூட்டம் அள்ளுவது அந்த நிகழ்ச்சிக்குத்தான். அந்த ஆண்டு அடுக்கும் வேலை நித்யகலாவுடையது. சூளையில் காலியிடம் விட்டு மூடுவது எங்களுக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுகிற மாதிரி. எரிவாயு வீண், சூடும் சமமாகப் பரவாது. அதனால் அடுக்குகிறவர் கடைசியில் ஒரு இடைவெளியைப் பார்த்தால் சுற்றுமுற்றும் கை நீட்டி, காய்ந்ததாக எது கிடைக்கிறதோ அதை எடுத்து அடைத்துவிடுவார், அது யாருடையது என்று பார்ப்பதில்லை, உடையவர் பார்த்தால் அதற்கு நன்றிதான் சொல்வார். மேல் தட்டில் முன்பக்கம் ஒரு சாண் இடம் மிஞ்சியது. நித்யகலா கை நீட்டினாள்.

பத்து மணிவாக்கில் மதலேன் தன் மேசையில் ஒரு வாடிக்கையாளருக்கு மூடிபோட்ட ஜாடியைக் காட்டிக்கொண்டிருந்தவள் ஜாடியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என் கை எங்கே?" என்று கத்தினாள். வெயிலில் பலகை மட்டும் இருந்தது. பிறகு அவளே சூளையின் பக்கம் திரும்பினாள். கை எங்கே இருக்கிறது என்று அது சுடும்போது தெரியாமல் போகுமா?

வெப்பமானி இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. ஐந்நூறைத் தாண்டும் வரைக்கும் மண் மண்தான், தண்ணீரில் போட்டால் கரையும். தாண்டிவிட்டால் ஆயிரம் வருஷம் ஊறவைத்தாலும் கரையாது. அப்போதே அணைத்து மெல்ல ஆறவிட்டிருந்தால் எங்கள் சாமான் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு நாள் தாமதம் ஆகும், அவ்வளவுதான். அது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், தெரியாது என்று இன்றைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

"ஒரு நாள் தள்ளினா ஐந்தாம் நாள் திறக்க முடியாது" என்றார் ரகோத்தமன் சார். "அழைப்பிதழ் அடிச்சாச்சு. விருந்தினர் டெல்லியில கிளம்பியாச்சு. மதலேன், கொஞ்சம் யோசிச்சுப் பாரும்மா, இது நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயம் இல்ல."

"எரியுது சார். அணைங்க சார்."

"எல்லாரையும் கேட்டுடலாம்" என்றார் அவர். அவர் எதையும் எல்லாரையும் கேட்டுத்தான் செய்வார், அந்த விஷயத்தில் அவர் மேல் குறை சொல்ல முடியாது. எங்களை வட்டமாக நிற்கவைத்து, அணைக்க வேண்டாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். வெப்பமானி முந்நூற்று நாற்பது. முதலில் கோவை ஆள் தூக்கினார், அவருக்கு உள்ளே எண்பது அகல். பிறகு பெங்களூர் ஆள், பிறகு ஒவ்வொருவராக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், நாற்பத்தோரு பேர் தூக்கினோம். ஆமாம், நானும்தான். என்னுடைய பன்னிரண்டு குடுவைகள் உள்ளே இருந்தன, அதில் இரண்டு நன்றாக வந்திருந்தன. அணைக்கச் சொல்பவர்கள் என்று கேட்டபோது மதலேன் தன் இடது கையைத் தூக்கினாள். நித்யகலா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்ததால் அவளை நடுநிலை என்று குறித்துக்கொண்டார்கள்.

பிறகு மதலேன் கத்தவில்லை. சூளைக்கு எதிரே மணலில் உட்கார்ந்து, மணிக்கட்டை ஈரத்துணிக்குள் வைத்துக்கொண்டு, மாலை வரைக்கும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள், யாரோ விசிறினார்கள், அன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை டெல்லி விருந்தினர் நாடா வெட்டிக் கதவைத் திறந்தார். மேல் தட்டில் முன்பக்கம், இளஞ்சிவப்பாக, ஒரு விரிசல்கூட இல்லாமல் அந்தக் கிண்ணம் இருந்தது. விருந்தினர் முதலில் அதைத்தான் எடுத்தார்.

எங்களைப் போன்றவர்கள்தான் செய்யக்கூடிய ஒரு காரியத்தை அதன் பிறகு மதலேன் செய்தாள். சுட்டது சுட்டாகிவிட்டது, இனி அதற்கு க்ளேஸ் போடாமல் விட்டால் பாழ் என்று நினைத்தாள். கிண்ணத்தை விற்பனைக்கு விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மாதம் யோசித்து, சாம்பலும் களிமண்ணும் கலந்து ஒரு வெளிறிய பச்சையை எடுத்து, இடது கையால் முக்கி, தன் சின்னச் சூளையில் தானே ஏற்றினாள். அன்று காலை முதல் ஒன்றும் சாப்பிடவில்லை, எந்த நேரத்தில் வலி எவ்வளவு ஏறும் என்று இந்த முறை அவளுக்குத் தெரிந்திருந்தது. வந்த கிண்ணத்தைப் பார்த்து நித்யகலா, "அக்கா, இதை அனுப்புக்கா, கண்டிப்பா தேர்வாயிடும்" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்களாம்.

தேர்வாகிவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது, வாழ்த்துகள் என்று தொடங்கியது, இரண்டாம் பக்கத்தில் உடல்தகுதிச் சான்றிதழ் கேட்டிருந்தது. அங்கே மண் சுமக்க வேண்டும், விறகு பிளக்க வேண்டும், இரண்டு கையும் உள்ளவர்களை மட்டுமே ஏற்க இயலும், வருந்துகிறோம் என்று அடுத்த கடிதம் வந்தது. அந்த இடத்துக்கு நித்யகலா போனாள். கிண்ணத்தை விழாக்குழுவின் சென்னைக் கண்காட்சியில் வைத்தார்கள். தேர்வான படைப்புகள் அனைத்தும் விற்பனைக்கே என்பது விண்ணப்பத்தின் பதினான்காம் விதி, அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள். முதல் மணி நேரத்திலேயே அது விற்றுவிட்டது.

அதன் பிறகு அவளுக்குத் தினமும் காலை ஏழு மணிக்குக் கை வெந்தது. யாரோ எங்கோ அதில் கொதிக்கக் கொதிக்க ஏதோ ஊற்றினார்கள். பத்து மணிக்குச் சோப்பும் நாரும் போட்டுத் தேய்த்தார்கள், சனிக்கிழமைகளில் புளியும் சேர்ந்து காந்தியது. இல்லாத கையை இல்லாத இடத்தில் உதறிக்கொண்டு, அவள் ரகோத்தமன் சாருக்கு எழுதினாள்: வாங்கியவர் முகவரி கொடுங்கள், கெஞ்சிக் கேட்டுத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாடிக்கையாளர் விவரங்களை வெளியிடுவதில்லை என்று அவர் வருத்தத்தோடு பதில் எழுதினார். மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் வருத்தத்தோடுதான் பதில் வந்தது.

ஆடி மாதத்துக்குப் பிறகு அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் நான் புதுச்சேரி போனபோது பார்த்தேன், சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு, மொட்டை மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"இந்த நேரத்துக்கு அதை யாரோ ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கறாங்க" என்றாள். "அரை மணி நேரம் விடறதில்ல. காலையில சுடறதை எல்லாம் இதுக்காகப் பொறுத்துக்கறேன். என் கையை யாராவது இப்படிப் பிடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? எங்க அம்மா சாகறதுக்கு முன்னாடி பிடிச்சது." என் குடுவைகளைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த விழாவுக்கு அவள் வந்தாள். செய்முறை காட்டக் கையில்லாததால் வழக்கமான மேசையையே கொடுத்திருந்தார்கள். அச்சில் வார்த்த தட்டுகளை வைத்திருந்தாள், அவை அவ்வளவாக விற்கவில்லை. இரண்டாம் நாள் முற்பகல் ஒரு கணவனும் மனைவியும் ரகோத்தமன் சாரோடு அவள் மேசைக்கு வந்தார்கள். சேலத்தில் கண் மருத்துவர்களாம், இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் இருக்கும், பேச்சில் அவ்வளவு மரியாதை. அந்த அம்மாள் துணிப்பையிலிருந்து பருத்தித் துண்டைப் பிரித்து அந்தக் கிண்ணத்தை எடுத்தார். எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

மதலேன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நீங்களா?" என்றாள்.

"நீங்கதான் இதைப் பண்ணீங்கன்னு சொன்னாங்க, நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு வந்தோம்" என்றார் அந்த அம்மாள். "இதை வாங்கின நாள்ல இருந்து காலையில கஞ்சி இதுலதான். சாயங்காலம் சும்மா கையில வெச்சுட்டு உக்காந்திருப்பேன். என்னமோ தெரியல, விட மனசு வரமாட்டேங்குது. எங்களுக்குப் பிள்ளைங்க கிடையாது."

"கொஞ்சம் குடுங்கம்மா" என்றாள் மதலேன். வாங்கி, தன் இடது கையால் தன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் அப்போது இருந்த விதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. அவள் அதைத் திருப்பிக் கேட்கப் போகிறாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

"ஒரே ஒரு சிக்கல்" என்று சிரித்தார் கணவர். "தினம் சாயங்காலம் இதுக்காக எங்களுக்குள்ள சண்டை. இவ எடுத்தா எனக்குத் தர்றதில்ல. இதுக்கு ஜோடியா இன்னொண்ணு வேணும். இதே மண்ணுல. எவ்வளவு நாள் ஆனாலும் காத்திருக்கோம்."

ரகோத்தமன் சார் "கண்டிப்பா, கண்டிப்பா" என்று சொல்லிக்கொண்டே மதலேனின் இடது கையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். ரேகையோடு, ஐந்து விரலும் சரியான நீளத்தில், நல்ல கை.

"வனைய அக்காவுக்குக் கையிருக்காதே" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

ஜப்பானிலிருந்து போன மாதம்தான் திரும்பியிருந்த நித்யகலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, மதலேனின் தோளில் கை வைத்தாள். "நான் வனைஞ்சு தர்றேன்க்கா" என்றாள்.

மதலேன் கிண்ணத்தை அந்த அம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை மறுபடி இரண்டு கைக்குள்ளும் வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மதலேன் கண்ணை மூடி அதை அனுபவித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு கணவர் பக்கம் திரும்பி, "நீங்களும் இப்படித்தான் பிடிச்சுப்பீங்களா சார்?" என்று கேட்டாள்.

"இவளை விட நல்லாப் பிடிச்சுப்பேன்" என்றார் அவர்.

"நாளைக்கே சூளை ஏத்தறாங்க. இன்னைக்குச் சக்கரம் காலியா இருக்கா?" என்று கேட்டாள் மதலேன்.

பதினொரு மணிக்கு வேறொருவரின் செய்முறை இருந்தது. அந்த வேறொருவன் நான்தான், அந்த மேடைக்காக எட்டு வருஷம் காத்திருந்தவன். உடனே விட்டுக்கொடுத்தேன். இப்படிப்பட்ட பெருந்தன்மையை இந்த விழா இதுவரை பார்த்ததில்லை என்று ரகோத்தமன் சார் மைக்கில் என் பெயரைச் சொல்லி அறிவித்தார், எல்லாரும் கைதட்டினார்கள், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.